நதியா மாவட்டத்தின் கணக்கு



தமிழ் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்றொரு பகுதி உண்டு. அவையில் சொல்லத் தகாத ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுவது இடக்கரடக்கல். எங்கள் தமிழாசிரியர் இதற்கு எடுத்துக்காட்டாகக் ‘கால் கழுவி வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதுவார்; வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும். உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் நடந்திருக்கும். ‘வெளிக்குப் போனான்’, ‘கொல்லைக்குப் போனான்’, ‘காட்டுப் பக்கம் போனான்’ என்று நம் ஊர்களில் வழங்கும் தொடர்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. வங்காளத்தார் ‘மைதானத்துக்குப் போதல்’ என்பர். இந்தி வழங்கும் நாட்டார் ‘காட்டுக்குப் போதல்’ என்பர். இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். செயலை மறைத்த முன்னோர், அச்செயலுக்குரிய இடத்தை மறைக்கவில்லை. வெளி, கொல்லை, காடு, மைதானம் ஆகிய எல்லாமே வீட்டுக்குப் புறத்தே உள்ளவை. வீட்டோடு ஒட்டிய ஓர் அறையைக் குறிக்கப் பாமர மக்கள் ஆண்ட சொல்லோ ‘கக்கூசு’ என்பது. அதுவும் டச்சுக்காரரிடமிருந்து வந்த இரவல் சொல். மொழியே இப்படிச் சான்று சொல்லும்போது, ஒரு மாவட்டத்து மக்கள் அனைவரையும் அந்த வெளியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருவது எத்துணை அரிய செயல் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அச்செயலை முடித்துவிட்டதாக நம் நாட்டில் முதன்முதலில் அறிவிக்கப்பெற்ற மாவட்டம், மேற்கு வங்காளத்திலுள்ள நதியா. அறிவித்த நாள் 2015 ஏப்ரல் 30. அந்த நாள் எப்படி வந்தது என்பதே இன்று நான் சொல்லப்போகும் வரலாறு. ஆனால் வரலாற்றை நதியாவில் தொடங்கினால் அது பாதி வரலாறாகவே இருக்கும். கொஞ்சம் முன்னே செல்ல வேண்டும்.

1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் தங்கி வாந்திபேதி நோயை ஆராய்ந்தார். அந்நோய்க்குரிய கிருமியை அந்நகரத்துக் குளம் ஒன்றின் நீரிலேயே கண்டார். மக்கள் அந்தக் குளத்தில் குளித்தனர், துணி துவைத்தனர், அதன் நீரையே குடித்தனர். கரையோரத்து அசுத்தங்களும் அதிலேயே கலந்தன. ஒருவன் உடலிலிருந்து வெளியேறியது மற்றொருவன் வாய்க்குள் செல்லும் வழி அங்கே கண்முன் கிடந்தது. வழி தெரிந்துவிட்டது; வழியை அடைப்பது யார்?

இந்த ‘யார்’ என்னும் வினா 1901-இல் அதே நகரத்தில் வேறு விதமாக எழுந்தது. அவ்வாண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள் சென்றிருந்தார். பிரதிநிதிகள் தங்கிய இடத்துக் கழிப்பிடங்கள் நாற்றமெடுத்துக் கிடந்தன. தொண்டர்களிடம் சுட்டிக்காட்டினார், அது எங்கள் வேலையன்று, தோட்டியின் வேலை என்று விடை வந்தது. அவர் ஒரு துடைப்பத்தைத் தேடி வாங்கித் தாமே துப்புரவு செய்தார். இச்செய்தியைத் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அத்தொண்டர்களின் விடையை மறந்துவிடாதீர்கள்; முடிவில் அது மீண்டும் வரும்.

அறிவியலார் தம் வழியே சென்றனர். 1920-களில் சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் ராக்பெல்லர் அறக்கட்டளையார் ஈடுபட்டிருந்தனர். கொக்கிப்புழுவின் கதை விந்தையானது. நோயாளியின் மலத்தோடு முட்டைகள் ஈரமண்ணில் விழுகின்றன. ஓரிரு நாளில் பொரிக்கின்றன. சில நாள் சென்றபின் அந்தப் புழு, அவ்வழியே வெறுங்காலோடு நடப்பவர் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடுகிறது. பின்பு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. வயலில் பாடுபடுகிறவர் சோகை பிடித்து வெளிறிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அறிந்தபின், மலம் மண்மீது விழாதபடி ஆழத்தில் மறைப்பதே மருந்து என்று கண்டனர். அதற்காகத் துளைக்கருவியைக் கொண்டு சுமார் 6 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குறுகிய துளையிட்டு, அதன்மேல் பலகை அமைக்கும் முறை பரவிற்று. எளிய முறைதான். ஆனால் ஓராண்டுக்குச் சற்று மேலாகவே துளை நிறைந்துவிடும். ஈயும் நாற்றமும் நீங்கா. கருவியைத் தேடி மறுபடி அலைய வேண்டும்.

இங்கே சிங்கூர் என்னும் சிற்றூர் வரலாற்றினுள் நுழைகிறது. ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் 1939-இல், கல்கத்தாவிலிருந்த அனைத்திந்திய சுகாதார நிலையத்தாரின் சார்பில் ஒரு கிராம சுகாதாரப் பயிற்சி மையம் ஏற்பட்டது. 1949-50-இல் அங்கே துளைக்குப் பதிலாக முக்கால் மீட்டர் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள கிணற்றுக் குழியைத் தோண்டிப் பார்த்தனர். ஒரு சிறு குடும்பத்துக்கு அது ஏறத்தாழ ஐந்தாண்டு தாங்கிற்று. பின்னர் 1950-களில், நடுவண் சுகாதார அமைச்சகத்தார் சிங்கூரிலும், டெல்லியை அடுத்த நஜப்கரிலும், நம் சென்னையை அடுத்த பூந்தமல்லியிலும் ஆராய்ச்சியும் செயலும் இணைந்த மூன்று நிலையங்களை நடத்தினர். கோயிலுக்காகவும் சாலைக்காகவும் பூந்தமல்லியை அறிந்த நம்மில் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும்?

அந்நிலையங்களில் உருவான கழிப்பிடத்தின் உயிர்நிலை, குந்துபீடத்தின் அடியில் வாத்துக் கழுத்தைப்போல் வளைந்த ஒரு குழாய். அந்த வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நிற்கும். அதன் ஆழம் 2 சென்டிமீட்டர், அதாவது உங்கள் கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்குச் சற்றே மிகுதி. அவ்வளவு நீரே பூட்டாக நின்று, குழியிலிருக்கும் ஈயை மேலே வரவிடாது, நாற்றத்தையும் விடாது. நகரத்துக் கழிப்பிடங்களுக்கு வாளி வாளியாக நீர் வேண்டும். இதற்கோ ஒன்றிரண்டு லிட்டர் போதும். தொலைவிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கும் பெண்ணைக் கருத்தில் வைத்து அளந்த அளவு இது. கலங்கரை விளக்கங்களையும் பாலங்களையும் பொறியியலின் புகழாகப் பேசுகிறோம். அந்த இரண்டு சென்டிமீட்டரை அவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

ஆக, 1960-க்குள் நோய் பரவும் வழி தெரிந்துவிட்டது. தடுக்கும் கருவியும் கிடைத்துவிட்டது. நாட்டளவில் திட்டமும் இல்லாமல் இல்லை. நாட்டின் மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நாற்பது ஆண்டுகளுக்குள் நல்ல குடிநீரும் துப்புரவு வசதியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 1949-இல் சுற்றுப்புறச் சுகாதாரக் குழுவினர் பரிந்துரைத்தனர். நாற்பதாண்டுகளில் முப்பத்திரண்டு கழிந்து, 1981-இல் கணக்குப் பார்த்தபோது, நாட்டுப்புறத்தில் கழிப்பிட வசதி பெற்றிருந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்!

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், பணம் ஒதுக்கவில்லை என்பர் சிலர். மக்கள் அறியாமை என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. ஏனெனில் அந்தப் பிழையைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

1986-இல் மைய அரசார் ஊரகத் துப்புரவுத் திட்டத்தைத் தொடங்கினர். வறியவர் வீடுகளுக்கு அரசின் செலவிலேயே கழிப்பிடம் கட்டித் தருவது என்று ஏற்பட்டது. அச்சமயம் நான் தென்பாண்டி நாட்டில் மழை குறைந்த ஒரு பகுதியில் மேற்பார்வையாளனாகப் புதிதாக வேலையில் அமர்ந்திருந்தேன். எங்களுக்கு ஓர் எண் மேலிடத்திலிருந்து வரும். அந்த எண்ணிக்கையைப் பங்குனி மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். ஓர் ஊரில் இருபத்தாறு கட்டினோம். செங்கல், குந்துபீடம், கதவு, எல்லாம் அளவுப்படி இருந்தன. அளவுப் புத்தகத்தில் இருபத்தாறுக்கும் நேரே ‘முடிந்தது’ என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த ஐப்பசியில் வேறு வேலையாக அவ்வூருக்குச் சென்றிருந்தேன். நல்ல மழை. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். கொல்லையில் நாங்கள் கட்டிய அறை தெரிந்தது. கதவின் மேற்பாதி வழியாக விறகு நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு அறையினுள் ஆட்டுக்குட்டி கத்திற்று. நான் பார்ப்பதைக் கண்ட வீட்டுக்கார மூதாட்டி, என் மனம் நோகக் கூடாதென்று நினைத்தார் போலும், முகமலர்ச்சியோடு சொன்னார்: “நீங்க கட்டிக் கொடுத்தது ரொம்ப உபகாரம் தம்பி. விறகு ஒரு பொட்டு நனையலே.”

அவரை நான் என்ன சொல்ல முடியும்? கழிப்பிடம் வேண்டுமா என்று நாங்கள் அவரைக் கேட்டதில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும், குழி நிறைந்தால் என்ன செய்வது என்று சொன்னதும் இல்லை. அந்த வீட்டில் எத்தனை பேர், அவருள் எவர் எங்கே செல்கிறார் என்பதற்கு எங்கள் புத்தகத்தில் ஒரு பத்தியும் இல்லை. சுவரை எண்ணினோம். நாடெங்கும் இப்படித்தான் எண்ணினர். அந்த இருபத்தாறும் எந்தப் பெருங்கணக்கில் போய்ச் சேர்ந்தனவோ, அதில் இன்றும் இருக்கும்.

இந்த முறைக்கு மாறான ஒரு முயற்சி 1990-இல் மீண்டும் வங்காளத்திலேயே தோன்றிற்று. மேதினிப்பூர் அந்நாளில் நம் நாட்டின் மிகப் பெரிய மாவட்டங்களுள் ஒன்று. மக்கள்தொகை 80 இலட்சத்துக்கும் மேல். அங்கே இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த லோகசிட்சா பரிஷத் என்னும் அமைப்பினர், யூனிசெப் நிறுவனத்தின் துணையோடு, இலவசமாகக் கட்டித் தருவதைக் கைவிட்டுப் புதுவழி கண்டனர். ஊர் இளைஞர் மன்றங்களைச் சேர்ந்தவர்கள் வீடு வீடாகச் சென்று பேசினர். ஆங்காங்கே துப்புரவு அங்காடிகள் எழுந்தன. உள்ளூர்க் கொத்தர்கள் பயிற்சி பெற்று, குந்துபீடத்தையும் குழிமூடியையும் அங்காடி முற்றத்திலேயே வார்த்து விற்றனர். சில நூறு ரூபாய் விலையில் தொடங்கிப் பல வகைகள் இருந்தன. அவரவர் கைக்கேற்ப வாங்கலாம். ஏழை முதலில் குழியும் பீடமும் மட்டும் வாங்கி ஓலைத்தட்டியால் மறைத்துக்கொள்வான். கை தாராளமானபோது சுவர் எழுப்புவான். தன் காசைப் போட்டு வாங்கிய பீடத்தின்மேல் எவனும் விறகு அடுக்கமாட்டான் அல்லவா? அம்மாவட்டத்து நந்திகிராம் இரண்டாவது ஒன்றியம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லா வீடுகளிலும் கழிப்பிடம் உள்ள ஒன்றியமாக நாட்டிலேயே முதலில் பெயர் பெற்றது. 1999-இல் மைய அரசார் தொடங்கிய முழுத் துப்புரவு இயக்கத்துக்கு மேதினிப்பூரின் பட்டறிவே பெரிதும் அடிப்படை எனலாம்.

ஏறக்குறைய அதே வேளையில், எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில், இராஜசாகி மாவட்டத்து மோஸ்மொய்ல் என்னும் ஊரில் இன்னொன்று நிகழ்ந்தது. கமல் கர் என்னும் வேளாண் அறிஞர் ஊராரைத் தரையில் ஊர்ப்படம் வரையச் சொன்னார். வீடுகள், குளங்கள், பாதைகள் எல்லாம் வரைந்தபின், காலையில் நீங்கள் சென்ற இடங்களில் மஞ்சள் பொடியைத் தூவுங்கள் என்றார். பொடி தூவத் தூவ ஊர் முழுவதும் மஞ்சளாயிற்று. அதன்பின் அவர் போதிக்கவில்லை; ஒருநாளைக்கு ஊருக்கு எத்தனை மணங்கு, ஆண்டுக்கு எத்தனை வண்டி, இது எங்கே போகிறது என்ற கணக்கை அவர்களையே போடச் சொன்னார். தாம் ஒருவர் மலத்தை ஒருவர் தின்கிறோம் என்பதை ஊரார் தாமே கண்டு சொன்னார்கள். அவர் வெறுங்கையோடுதான் போனார். ஒரு செங்கல்லுக்கும் பணம் தரவில்லை. இம்முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவிற்று.

இனி நதியாவுக்கு வருவோம். பாகீரதியும் ஜலங்கியும் சூர்ணியும் பாயும் செழித்த வண்டல் நிலம் அது. சைதன்யர் பிறந்த நவத்வீபம் அங்கேதான் இருக்கிறது. 1757-இல் கிளைவ் வென்ற பிளாசியும் அங்கேதான் இருக்கிறது. நாட்டுப் பிரிவினையின்போது எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்று தெரியாமல் அம்மாவட்டத்தார் சில நாள் தவித்தனர். ஆகஸ்டு 18-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடும் ஊர்கள் அங்கே இன்றும் உண்டு. கிழக்கிலிருந்து ஏதிலிகள் வந்து குவிந்தனர். 2011-இல் மக்கள்தொகை 51 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மைதானத்துக்குப் போகலாம் என்றால் மைதானம் எங்கே இருக்கிறது? வயலுக்கு வயல் வீடு வந்துவிட்டது. விடியுமுன் எழுந்தும், இருட்டும்வரை அடக்கிக்கொண்டும், தண்ணீரைக் குறைத்துக் குடித்தும் நாளைக் கழித்தவர்கள் பெண்கள். தாய்மையுற்றவர்களும் அப்படித்தான்.

2013-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த பி. பி. சலீம் அவர்களின் தலைமையில் திட்டம் வகுத்தனர். ‘சபார் சௌசாகார்’ என்று பெயரிட்டனர்; ‘யாவர்க்கும் கழிப்பிடம்’ என்பது பொருள். முதலில் செய்தது வீட்டுக்கணக்கு. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கழிப்பிடம் இல்லை என்பது பெயர்ப்பட்டியலோடு தெரிந்தது. என் அளவுப் புத்தகத்தில் இல்லாத பத்தி இங்கே முதற்பத்தியாக நின்றது. 2013 அக்டோபர் 2 அன்று வேலை தொடங்கிற்று.

பணத்துக்கு வழி கண்ட விதம் மாணவர்கள் கருதத்தக்கது. புதிதாக நிதி கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. துப்புரவுக்கென்று ஒரு துறையில் பணம் இருந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூலிக்குப் பணம் இருந்தது. இரண்டும் இருவேறு அலுவலகங்களில், இருவேறு ஏடுகளில் கிடந்தன. இவற்றை ஒரு வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். ஒரு கழிப்பிடத்துக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய். அதில் குடும்பத்தார் தம் பங்காக 900 ரூபாய் தர வேண்டும். அந்தத் தொள்ளாயிரம் சிறிய தொகைதான். ஆயினும் அதைக் கொடுத்த வீடு தானே கேட்டு வாங்கிய வீடாக ஆயிற்று. கேளாதவர்க்குக் கட்டும் பழைய வழக்கம் அங்கே அறுந்தது. மகளிர் தன்னுதவிக் குழுக்கள், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளிப்பிள்ளைகள் என்று 17 ஒன்றியங்களிலும் வீடுதோறும் செல்லும் கால்களையெல்லாம் திட்டத்தில் ஈடுபடுத்தினர். பிள்ளைகள் வீட்டில் பிடிவாதம் பிடித்தனர். பிள்ளையின் பிடிவாதத்தை வெல்லும் ஆணை எந்த அரசிடமும் இல்லை.

ஊருக்கு ஊர் கண்காணிப்புக் குழுக்களும் எழுந்தன. விடியற்காலையில் வரப்புகளிலும் ஆற்றங்கரையிலும் நின்று, செம்பைத் தூக்கி வருபவரை வழிமறித்துத் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. பத்தொன்பது மாதங்களில் மாவட்டம் குறித்த நிலையை அடைந்ததாக அறிவித்தனர். 2015 ஜூனில், கொலம்பியா நாட்டு மெதலின் நகரில், ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை விருதையும் பெற்றனர்.

விருதுச் செய்தியைப் படித்த நான், என் இருபத்தாறை எண்ணி, நேரில் பார்க்க விரும்பினேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு மார்கழியில் அங்கே சென்றேன். கிருஷ்ணநகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எனக்கு மொழித்துணையாக வந்தார். ஜலங்கிக் கரையிலிருந்த ஒரு சிற்றூரில் நான் பார்த்த கழிப்பிடங்கள் எல்லாம் ஈரமாக இருந்தன. என் போன்ற மேற்பார்வையாளனுக்கு அது ஒன்றே போதும். ஈரமான பீடம் பொய் சொல்லாது.

அங்கே கண்காணிப்புக் குழுவில் இருந்த முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு விசைவிளக்கை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றவர் அவர். பெருமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் சென்று, “ஒருநாள் என் அண்ணன்மேலேயே வெளிச்சம் அடித்துவிட்டேன், தாதா” என்றார். “பாதியில் எழுந்தார். எண்பது வயது. அதன்பிறகு மூன்று மாதம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்பொழுது வீட்டிலேதான் போகிறார். பேசுகிறார். ஆனாலும் அந்த வெளிச்சத்தை நான் அடித்திருக்க வேண்டாம்.”

இத்திட்டத்தைப் புகழ்கிறவர்கள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். எனக்கு அது இயலவில்லை. நாணத்தைக் கருவியாகக் கொள்வது மருத்துவன் கையிலுள்ள கத்தியைப் போன்றது. மோஸ்மொய்லில் ஊரார் தம்மைத் தாமே பார்த்து நாணினர், அது வேறு. விளக்கை ஒருவன்மேல் அடித்து நாணச் செய்வது வேறு. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கி, வீட்டுக்கு 12,000 ரூபாய் வழங்கி, நாடு முழுவதும் இவ்வேலை பெருகியபோது, பல மாநிலங்களில் அந்த விளக்கும் ஊதுகுழலும் வரம்பு மீறிச் சென்ற செய்திகள் வந்தன. வலியவன்மேல் விளக்கடிப்பவர் குறைவு. காணியில்லாத ஏழையின் மேலும், குனிந்த பெண்ணின் மேலுமே வெளிச்சம் விழுந்தது.

2019 அக்டோபர் 2 அன்று நாடே அந்நிலையை அடைந்ததாக அறிவித்தனர். பத்துக்கோடிக்கு மேற்பட்ட கழிப்பிடங்கள் ஐந்தாண்டில் எழுந்தன என்பது உலக வரலாற்றில் ஒப்பற்ற செயல். அதைக் குறைத்துப் பேசுவது முறையாகாது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நூற்றுக்குப் பத்தொன்பது வீட்டார் எந்தக் கழிப்பிடத்தையும் பயன்படுத்தவில்லை என்று கண்டனர். சுவரின் கணக்கும் மனிதரின் கணக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.

இந்த வேறுபாட்டின் காரணத்தை டயன் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்களும் அவர்தம் குழுவினரும் 2014-இல் வடநாட்டுச் சிற்றூர்களில் ஆராய்ந்தனர். கழிப்பிடம் உள்ள வீடுகளிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவற்றில் ஒருவரேனும் வெளியே செல்வதைக் கண்டனர். ஏன் என்று வினவியபோது, குழி நிறைந்துவிடுமே என்னும் அச்சம் திரும்பத் திரும்ப வெளிப்பட்டது. நிறைந்தால் யார் அள்ளுவது? நம் கை படலாமா? 1901-இல் கல்கத்தாத் தொண்டர்கள் சொன்ன விடை நூறாண்டுக்குப் பின்னும் அப்படியே நிற்கிறது. மனிதன் மலத்தை மனிதன் அள்ளுவதை 1993-இலும், மேலும் கடுமையாக 2013-இலும் சட்டம் தடைசெய்தது. மிகவும் நல்லது. அள்ளிவந்த சாதியாருள் பலர் இனி அள்ளமாட்டோம் என்று நிமிர்ந்தனர். அதுவும் மிகவும் நல்லது. ஆனால் மற்றையோர், அப்படியானால் குழியை நிரப்பாமல் வைப்போம் என்று மீண்டும் வயலுக்குச் சென்றனர்.

பொறியியலில் இதற்கு விடை உண்டு. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இரண்டு குழிகள் தோண்ட வேண்டும். ஒன்று சில ஆண்டுகளில் நிறைந்ததும் அதை மூடிவிட்டு, வழியை மற்றதற்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியில் நீர் மண்ணுக்குள் சுவறிவிடும், கிருமிகள் மடியும். ஏறத்தாழ ஈராண்டு சென்று திறந்தால், நாற்றமற்ற கரிய எருவே இருக்கும். அதை அள்ளுவதற்கும் தோட்டத்து மண்ணை அள்ளுவதற்கும் வேறுபாடு இல்லை. இதை நான் வகுப்புகளில் பலமுறை விளக்கியிருக்கிறேன்; கேட்பவர் தலையசைப்பர்; தலையசைத்துவிட்டு, ‘இருந்தாலும்...’ என்பர்.

சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஜலங்கிக்கரை ஊருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அந்த முதியவரின் வீட்டுக்கே சென்றேன். அவர் அண்ணன் காலமாகிவிட்டார். வீட்டின் பின்புறம் கொய்யா மரத்தடியில் இரண்டு வட்டமான மூடிகள் தெரிந்தன. ஒன்று புழுதி படிந்து கிடந்தது. முதற்குழி நிறைந்து மூடியாயிற்று என்று சொன்னார். “அதைத் திறக்க ஆள் தேடுகிறேன், தாதா. ஒருவனும் கிடைக்கவில்லை.”

‘ஆள்’ என்று அவர் எவரைச் சொன்னார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆள் வேண்டாம், மண்வெட்டி போதும் என்று நான் தொடங்கினேன். ஈராண்டுக் கணக்கையும் சொன்னேன். மூடி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்தார், துர்க்கா பூசைக்கு முன்னே என்றார், பின்னே என்றார்.

சமையற்கட்டு வாயிலில் நின்றுகொண்டிருந்த அவர் மருமகள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கழிப்பிடச் சுவரின் பக்கம் கையைக் காட்டினாள். கதவை ஒட்டிய சுவரில், அமாவாசைக்கு ஒன்றாகக் கரித்துண்டால் இழுத்த கோடுகள் வரிசையாக நின்றன. ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். பதினேழு இருந்தன.